நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழித்தால்: இரவுநேரப் பீதித் தாக்கைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

இரவு ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவருகிறார் ஒருவர். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. ஈசிஜி சீராக இருக்கிறது. "ஒன்றுமில்லை, கேஸ்தான்" என்று ஒரு ஊசி போட்டு அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து அதே ஆள், அதே நேரம், வேறு ஆஸ்பத்திரி. நாகர்கோவிலில் பார்த்தது போதாதென்று திருவனந்தபுரம் வரை போய் எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்து, ரிப்போர்ட் ஒரு பை நிறையச் சேர்ந்த பிறகும், விளக்கை அணைக்கும் நேரம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"ஒன்றுமில்லை" என்பது தவறான பதில். அவருக்கு வந்தது பேனிக் அட்டாக் என்னும் பீதித் தாக்கு. அது உடலில் உண்மையாகவே நடக்கும் நிகழ்வு. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. அதைத் தடுக்க அவர் செய்யும் ஏற்பாடுகளே பெரும்பாலும் அதற்குத் தீனி போடுகின்றன. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

அந்த நேரத்தில் உடலில் நடப்பது

ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, கைகால் நடுங்குகிறது, வயிறு புரள்கிறது. மூச்சு வேகமெடுப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலைசுற்றலும், உதட்டையும் விரல்களையும் சுற்றி எறும்பு ஊர்வதுபோன்ற மரப்பும் அதனால் வருபவை. காற்று போதவில்லை என்று தோன்றும் அந்த வேளையில், பெரும்பாலும் நீங்கள் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதன் சுழற்சியைத் தெளிவாக எழுதினார். படபடப்பு வருகிறது, அதை "மாரடைப்பு" என்று மனம் வாசிக்கிறது, அந்த வாசிப்பே மேலும் அட்ரினலினைக் கொண்டுவருகிறது, படபடப்பு கூடுகிறது. ஆனாலும் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்.

தூக்கத்தில் வரும் தாக்கு பெரும்பாலும் படுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள், இலேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் வழியில் வருகிறது. கனவு காணும் பகுதியில் அல்ல. அதனால்தான் "கெட்ட கனவுகூட இல்லையே, பிறகு ஏன்?" என்று ஆட்கள் குழம்புகிறார்கள். காரணம் தெரியாத விழிப்பு என்பதே பயத்தை இரட்டிப்பாக்குகிறது. பகலில் பீதித் தாக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அளவுக்கு என்றேனும் ஒருமுறை இரவிலும் இதைச் சந்திக்கிறார்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுபவை சில. கனவில் பயந்து எழுவது பொதுவாக விடியலை ஒட்டி வரும்; கனவு நினைவிருக்கும். விழிப்பு வந்தும் கைகாலை அசைக்க முடியாமல், மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவதை ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அது தூக்க முடக்கம், சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடித்துத் தானே விலகும். குழந்தைகள் தூக்கத்தில் அலறிவிட்டுக் காலையில் ஒன்றும் நினைவில்லை என்பது இன்னொரு வகை.

முதல் படி: ஒரே ஒரு முழுப் பரிசோதனை

இதைத் தவிர்க்கக் கூடாது. முதல் முறையாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், அதுவும் நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர், புகைப்பவர் என்றால், "பீதியாக இருக்கும்" என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, மயங்கி விழுவது, ஒரு பக்கம் கைகால் தளர்வது, பேச்சு குழறுவது, படுத்தால் மூச்சுத் திணறி உட்கார்ந்தால் குறைவதோடு கால் வீக்கமும் இருப்பது ஆகிய எதுவானாலும் உடனே 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமலேகூட வரலாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வியர்வையும் நடுக்கமுமாக எழுந்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுக்கட்டும். 70க்குக் கீழே இருந்தால் அது சர்க்கரை இறக்கம்; மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மூச்சுப்பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மருத்துவரிடம் போகும்போது ஈசிஜி, தைராய்டு, ரத்தச்சோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்புத்தான். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவருக்குத் தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய் இருக்கலாம்; வீட்டில் உடன் படுப்பவர் சொன்னால்தான் அது தெரியவரும். ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், தினமும் குடித்துவந்த மதுவைத் திடீரென்று நிறுத்துவது ஆகியவையும் படபடப்பைக் கிளப்பும். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல நாள் குடித்தவர் தானாகவே சட்டென்று நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டால் அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும். புதிய அறிகுறி வந்தால் புதிய பரிசோதனை. அதே பழைய அறிகுறிக்கு இன்னொரு ஈசிஜி வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பார்த்து "நல்லவேளை, ஒன்றுமில்லை" என்று திரும்பும்போது, அந்த ஓட்டம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று மூளை கற்றுக்கொள்கிறது.

இரண்டாம் படி: அந்தப் பத்து நிமிடங்கள்

எழுந்து உட்காருங்கள். கால் இரண்டும் தரையில் படட்டும். கடிகாரத்தை ஒரே ஒருமுறை பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 12.40 என்றால் 12.50 வாக்கில் இது இறங்கத் தொடங்கும் என்று அர்த்தம். மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டாம்.

கட்டில் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பகலில், தெளிவாக இருக்கும்போது, உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள். "இது பீதித் தாக்கு. முன்பும் வந்தது, போனது. இதயத்தைப் பரிசோதித்தாகிவிட்டது. பத்து நிமிடம் பொறு." இதற்குமேல் நீளம் வேண்டாம். பயத்தின் நடுவில் மனம் புதிதாக எதையும் யோசிக்காது, எழுதி வைத்ததை வாசிக்க மட்டுமே செய்யும்.

அடுத்து மூச்சு. "ஆழமாக இழுத்து விடு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்கெனவே அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறவரை இன்னும் இழுக்கச் சொன்னால் தலைசுற்றல்தான் கூடும். முதலில் இருக்கும் மூச்சை வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக நான்கு எண்ணும் நேரம் சாதாரண அளவில் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். கையை வயிற்றின்மேல் வைத்தால் ஏறி இறங்குவது வயிறா மார்பா என்று தெரியும்; வயிறாக இருக்கட்டும். சில நிமிடங்கள் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையை இப்போது பரிந்துரைப்பதில்லை; வந்திருப்பது உண்மையிலேயே இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்து.

மூச்சை எண்ணுவதே சிலருக்குப் பதற்றம் தரும். அவர்கள் கவனத்தை வெளியே திருப்பலாம். பாதத்துக்கடியில் தரையின் குளிர்ச்சி, மின்விசிறியின் சத்தம், குளச்சல் பக்கமென்றால் கடலின் இரைச்சல், குலசேகரம் பக்கமென்றால் ஓட்டின்மேல் மழை. கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிப்பதும் உதவும். அது இதயத் துடிப்பை இயல்பாகவே சற்றுக் குறைக்கிறது.

இவை எல்லாம் துணைக்கருவிகள்தான். முக்கியமானதும் கடினமானதும் அடுத்தது. தாக்கை நிறுத்த முயலாதீர்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அலை வரும்போது வள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் கவிழும். அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்முனையை, அலைக்கு நேரே வைத்தால் ஏறி இறங்கிவிடும். "வருகிறாயா, வா, படபடக்கட்டும், வியர்க்கட்டும், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று இடம் கொடுப்பதுதான் நேரே வைப்பது. முதல் சில முறை நம்பிக்கை வராது. அப்படியே உட்கார்ந்திருங்கள், போதும்.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை: நாடி பிடித்துப் பார்ப்பது, கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் மீட்டரை விரலில் மாட்டுவது, கைக்கடிகாரத்தில் துடிப்பை எண்ணுவது, அறிகுறிகளை இணையத்தில் தேடுவது. கடைசியது மிக மோசம். இரவு ஒரு மணிக்கு நெஞ்சுவலி என்று தேடிய எவருக்கும் நல்ல செய்தி கிடைத்ததில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஒரே கட்டளை: கூட்டம் கூடாதீர்கள். ஒருவர் விசிற, ஒருவர் சோடா உடைக்க, ஒருவர் முதுகைத் தடவ, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்ப ஓடினால், நிஜமாகவே சாகப்போகிறோம் என்றுதான் அவர் நினைப்பார். ஒருவர் மட்டும் அருகில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "முன்பும் வந்து போனதுதானே, நான் இருக்கிறேன்" என்று சொல்லி, தானும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். "பயப்படாதே" என்பதும் "எல்லாம் உன் நினைப்பு" என்பதும் பயனற்ற சொற்கள்.

கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். நம் இரவு ஒரு மணி துபாயில் பதினொன்றரை, சவுதியில் பத்தரை. அழைத்தால் எடுப்பார், எடுத்துவிட்டு அவரும் பதறுவார், இங்கிருக்கும் உறவினர் எல்லோரையும் எழுப்பிவிடுவார். ஆகவே பகலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் அழைப்பதில்லை. அதற்குப் பிறகு அழைத்தால் அவர் கேட்க வேண்டியது, "தாளைப் படித்தாயா? மணி என்ன குறித்தாய்?" என்ற இரண்டு கேள்விகள்தான்.

பெரியவர்கள் கயிறு கட்டச் சொல்வார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள், ஜெபக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். மனத்துக்கு ஆறுதல் தருமென்றால் போய்வாருங்கள்; அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், அடிக்கிறவர், பேய் ஓட்டப் பெரும் பணம் கேட்கிறவர் என்றால் அந்த இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

மூன்றாம் படி: அடங்கிய பிறகு

உடல் களைத்திருக்கும், மனம் விழித்திருக்கும். கட்டிலில் புரண்டுகொண்டே "மீண்டும் வருமா" என்று காத்திருப்பது, கட்டிலையே பயத்தின் இடமாக மாற்றிவிடும். இருபது நிமிடம் போல் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், சுவாரசியமில்லாத ஏதாவது வேலை செய்யுங்கள். துணி மடிக்கலாம். கைப்பேசி வேண்டாம். கண் சொக்கும்போது திரும்பிப் போய்ப் படுங்கள்.

மறுநாள் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். பகலில் நீண்ட தூக்கமும் வேண்டாம். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இந்தப் பொதுவிதி பொருந்தாது. இருட்டு விலகுமுன்பே எழுந்து தோட்டத்துக்குப் போகிறவருக்கு இரவு எட்டு மணிக்குப் படுத்து ஒன்பதரைக்குத் தாக்கு வந்தால், அந்த இரவே போய்விடும். அவர் வேலை முடிந்து பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தூங்கி, அந்த நேரத்தை எல்லா நாளும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். தாக்கு வந்த மறுநாள் வேலைக்குப் போகாமல் இருப்பதை மட்டும் வழக்கமாக்க வேண்டாம்.

நான்காம் படி: பகலில் செய்யும் வேலை

இரவுப் பீதியை வெல்வது உண்மையில் பகலில்தான். பயம் மாரடைப்பைப் பற்றியதாகத் தொடங்கினாலும், நாளடைவில் படபடப்பு என்ற உணர்ச்சியையே கண்டு பயப்படும் நிலைக்கு வந்துவிடுகிறோம். ஆகவே அந்த உணர்ச்சியை நாமே வரவழைத்துப் பழகுவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (சிபிடி) ஒரு பகுதி.

மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுகுழாய் வழியாக ஒரு நிமிடம் மூச்சு விட்டால் திணறல் வரும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடினால் நெஞ்சு அடிக்கும். நாற்காலியில் சுழன்றால் தலை சுற்றும். எது உங்கள் இரவு உணர்ச்சிக்கு அருகில் இருக்கிறதோ அதைத் தேர்ந்து, பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, அந்த எண் பாதியாகும் வரை தினமும் செய்யுங்கள். முதலில் மாலையில், பிறகு படுக்கப்போகும் நேரத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடி. இதய நோய், கடுமையான ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கூடவே தற்காப்புகளைக் கழற்ற வேண்டும். விளக்கை எரியவிடுவது, கதவைத் திறந்துவைப்பது, இந்த வயதிலும் அம்மா பக்கத்தில் படுப்பது, தலையணைக்கடியில் மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று கணக்குப் போட்டுத்தான் உறவினர் வீட்டில் தங்குவது. பட்டியலிட்டு, எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாக விடுங்கள். வாரத்துக்கு ஒன்று என்றாலும் நல்ல வேகம்தான்.

கவலைகளுக்கு மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, தாளில் எழுதி மூடிவையுங்கள். கடன், மகளின் படிப்பு, வெளிநாட்டு விசா எல்லாம் அதில் வரட்டும். தீராது, ஆனால் இரவு பதினொன்றுக்கு முதல்முறையாகத் தலையைக் காட்டாது.

சாயாவைப் பற்றிச் சொன்னால் இங்கே யாருக்கும் பிடிக்காது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஜங்ஷனில் இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் கட்டன் சாயா, ஒரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். மது தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துப் படபடப்பைக் கொண்டுவரும்.

கடல் தந்த பயம் வேறு

2004 டிசம்பர் 26இல் சுனாமியில் வீட்டாரை இழந்தவர்கள், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள், நடுக்கடலில் பல நாள் மிதந்து உயிர் தப்பியவர்கள் இந்த மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தேதிகள் நெருங்கும்போதோ புயல் எச்சரிக்கை வரும்போதோ இரவில் பதறி எழுவது கூடலாம். அதே காட்சி கனவில் திரும்பத் திரும்ப வருவது, அந்தக் கரைப் பக்கமே போகாமல் தவிர்ப்பது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது இருந்தால் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை தனி. மேலே சொன்ன பயிற்சிகளைத் தனியாகச் செய்யாமல் நேராக மனநல மருத்துவரைப் பாருங்கள். புயல் காலத்தில் வானிலை அறிவிப்பை அரசு அறிவிப்பில் மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல் பதிவுகள் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவுவதில்லை.

எப்போது, எங்கே, என்ன மருந்து

தாக்கு மீண்டும் மீண்டும் வந்தாலும், ஒரு மாதமாக "வந்துவிடுமோ" என்ற அச்சம் நீங்காமல் வாழ்க்கை சுருங்கினாலும் மருத்துவ உதவி தேவை. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் உதவி கிடைக்கும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள்.

மருந்தில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை நோயைக் கட்டுப்படுத்துபவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம், அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அல்பிரஸோலம் போன்றவை அந்த நேரத்துக்கு அடக்குபவை. தொடர்ந்து எடுத்தால் உடல் அதைச் சார்ந்துவிடும், அளவும் கூடிக்கொண்டே போகும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர், தானாக ஒரே நாளில் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு ஒரு தாள் கொண்டுபோங்கள்: தாக்கு வந்த தேதிகள், படுத்த நேரம், விழித்த நேரம், அன்று குடித்த சாயா, மது, எடுக்கும் மாத்திரைகள் அனைத்தும், ஏற்கெனவே எடுத்த ஈசிஜி. கர்ப்பமாக இருந்தாலும் பாலூட்டினாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சரியான பிறகும் மருந்தைப் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். இடையில் ஓர் இரவு தாக்கு திரும்பினால் மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்திவிடாமல், அதே தாளில் மணியைக் குறித்துவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.